மீட்டர் போட்ட சந்தோஷம்

என் கணவர் யுவராஜுக்கு உலகத்திலுள்ள எல்லாக் கார் கம்பெனிகள் மேலும் கோபம். காலையில் பல் விளக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். டீசல் எஞ்சினை நிறுத்தியவன் எவன், ஏசிக்கு இருந்த நல்ல திருகு குமிழைப் பிடுங்கிவிட்டுத் தொடுதிரை வைத்தவன் எவன், டிக்கியில் ஸ்டெப்னி இருந்த இடத்தில் பஞ்சர் பசை பாட்டிலை வைத்துவிட்டுப் போனவன் எவன். "கோயமுத்தூர் வெயில்ல எவனுக்குடா சன்ரூஃப் வேணும்? மண்டை காயறதுக்கா?" என்று வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்துக் கேட்பார். கண்ணாடி பதில் சொல்லாது. நானும் சொல்வதில்லை.

இந்தக் கோபத்தைத்தான் அவர் 'நாலாம் கியர்' என்ற வீடியோ சேனலில் விற்றுக்கொண்டிருந்தார். நன்றாகவே விற்றது. புது மாடல் எது வந்தாலும் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் ஈரோட்டிலும் திருப்பூரிலும் அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

பெண் பார்க்க வந்த அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னை ஒரு பார்வை பார்த்தார். வாசலில் நின்ற அப்பாவின் பழைய காரை நெடுநேரம் பார்த்தார். "கிளட்ச் தேஞ்சு போச்சுங்க மாமா, மாத்தோணும்" என்றார். வண்டி மேல் இவ்வளவு அக்கறை உள்ளவன் பெண்ணையும் நன்றாகத்தான் வைத்துக்கொள்வான் என்று அப்பா கணக்குப் போட்டார்.

மோசமான மனிதர் இல்லை. குடிக்க மாட்டார், கைநீட்ட மாட்டார், சமையலில் குறை சொல்ல மாட்டார். ஆனால் நான் பக்கத்தில் இருப்பது அவருக்குப் பிடிக்கிறதா என்பது மட்டும் எனக்குத் தெரிந்ததேயில்லை. கேட்டால் "இதென்ன கேள்வி அம்மிணி" என்பார். அது பதில் ஆகுமா? நான் சாய்பாபா காலனியில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். வலிக்கவில்லை என்று வாய் சொல்லும், தோள்பட்டை இறுகிக்கொள்ளும். வாயை விட்டுவிட்டுத் தசையை நம்பியே பழகிப்போனவள் நான். அதனால்தான் அந்த மீட்டரை அப்படி நம்பித் தொலைத்தேன்.

தாரகா மோட்டார்ஸ் அந்த அறிவிப்பை வெளியிட்ட காலையில் யுவராஜ் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார்.

"அம்மிணி, இத்தன வருசத்துல இப்பத்தான் ஒருத்தன் யோக்கியமா ஒரு முடிவு எடுத்திருக்கறான். காருக்கு வெலையே கெடையாது. வண்டிய வீட்டுல கொண்டாந்து விட்டுட்டுப் போயிருவான்."

"அப்பறம் அவனுக்குச் சோறு யாருங்க போடறது?"

"நாம அனுபவிச்சா மட்டும் காசு. ஸ்டீயரிங்லயும் சீட்டுலயும் சென்சார் இருக்குது. ஓட்டறவன் நாடி, தோலு, மூச்சு எல்லாத்தையும் பாத்துக்கும். சந்தோசமா இருந்தா மீட்டர் ஓடும். டிராஃபிக்ல மாட்டிக்கிட்டுச் சபிச்சுக்கிட்டுக் கெடந்தா ஓடாது. யோசிச்சுப் பாரு, இனிமே மட்டமான வண்டி செஞ்சா கம்பெனிக்குத்தான் நட்டம். இத்தன நாளு மட்ட வண்டிய நம்ம தலைல கட்டிப்போட்டுக் காச வாங்கிட்டுப் போனானுங்கல்ல?"

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அன்று ராத்திரியே வீடியோ போட்டார். 'மனசுக்குப் பிடித்தால் மட்டும் காசு' என்று தலைப்பு. அதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்று தெரியாது. எங்கள் தெருவிலேயே வாசலுக்கு வாசல் தாரகா நின்றது. ஒப்பந்தத்தில் நடுவில் திருப்பித் தர முடியாது என்று ஒரு வரி இருந்தது. எல்லாக் கம்பெனிக்காரனின் பொடி எழுத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற என் கணவர் அதைச் சாதாரண வரியாகத்தான் நினைத்தார்.

வண்டி வந்தது. நீலநிறம். டேஷ்போர்டின் நடுவில், ஆட்டோவில் இருப்பது மாதிரியே, ஆரஞ்சு எண்களோடு ஒரு மீட்டர். அதன் ஓரத்தில் மாதக் கணக்கு ஏற ஏற உயரும் ஒரு பட்டை, பட்டையின் மேல் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு. மாதக் கணக்கு அந்தக் கோட்டைத் தாண்டாவிட்டால் பில்லே வராது என்பது கம்பெனியின் சலுகை. யுவராஜ் முதல் முறையாக அதை வாசலிலிருந்து ரிவர்ஸ் எடுத்தபோது மீட்டர் சிட்டாகப் பறந்தது. அவர் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. "ஏறு அம்மிணி, ஒரு ரவுண்டு போலாம்" என்றார்.

ஏறினேன். கதவைச் சாத்தினேன். மீட்டர் மெதுவானது. தெருமுனை திரும்புவதற்குள் நின்றேபோனது.

"நீ இருக்கறப்ப ஜாக்கிரதையா ஓட்டறனில்ல, அதுனால" என்றார்.

நானும் தலையாட்டினேன். மேம்பாலத்தின் மேல் காற்றாகப் போனோம், ஒரு எண் நகரவில்லை. வீட்டுக்கு வந்து ஒரே அரிசியை மூன்று முறை களைந்தேன். இவ்வளவு வருஷமாகக் கேட்டுக் கிடைக்காத பதில் ஆரஞ்சு எழுத்தில் வந்துவிட்டதே என்று அழுதேன்.

கொஞ்ச நாளில் யோக்கியமான முடிவின் யோக்கியதை தெரிய ஆரம்பித்தது. காரை வெறுக்கிறவனுக்குக் கார் இலவசம், காரை நேசிக்கிறவனுக்கு அபராதம். எதிர்வீட்டு ஆடிட்டர் மயில்சாமி அண்ணனுக்கு வண்டி ஓட்டுவதென்றால் வேப்பங்காய். அவர் பைசா கொடுக்காமல் ஊரெல்லாம் சுற்றினார். யுவராஜ் தனக்கு வந்த முதல் பில்லைப் பார்த்துவிட்டு அன்று சாப்பிடவே இல்லை.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? சந்தோஷத்தை அடக்கக் கற்றுக்கொண்டார்கள். "வண்டில இருக்கறேன், நல்ல சேதின்னா பொறகு கூப்புடு" என்று போனில் சொல்வது சாதாரணப் பேச்சாகிவிட்டது. குழந்தைகளைக் கண்ணாலேயே மிரட்டி உட்காரவைத்தார்கள். பள்ளிக்கூட வாசலில் பரிசுக் கோப்பையோடு ஓடி வந்த ஒரு பெண் குழந்தையை, "அத டிக்கில போடு, ஊட்டுக்குப் போயிப் பாத்துக்கலாம்" என்று ஒரு தகப்பன் சொன்னதை என் காதால் கேட்டேன். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் ஊட்டிக்குப் பஸ்ஸில் போனார்கள்.

மயில்சாமி அண்ணன் கதை இன்னும் கேவலம். அவர் மனைவி சரசக்காவின் அண்ணன் தவறிப்போனார். எல்லாம் முடிந்து துக்க வீட்டிலிருந்து திரும்பி வரும்போது, சரசக்காவும் அவருடைய அம்மாவும் பின்சீட்டில் இருக்க, அதுவரை அசையாமல் கிடந்த மயில்சாமி அண்ணனின் மீட்டர் ஓடியது. நிற்காமல் வீடுவரை ஓடியது. இறந்துபோனவருக்கும் அவருக்கும் ஒரு பழைய சொத்துத் தகராறு உண்டு. சரசக்கா வாசலோடு திரும்பி அம்மா வீட்டுக்குப் போனவர்தான். "எங்கண்ணன் செத்ததுக்குக் கொண்டாடிட்டு வந்த மனுசன்" என்று ஊரெல்லாம் சொன்னார்.

யுவராஜுக்கு அப்போது வேறு யோசனை. வண்டியைத் திருப்பித் தர முடியாது, ஓட்டாமல் அவரால் இருக்கவும் முடியாது. சேனலில் ஒரு சவால் அறிவித்தார். வருஷம் முழுக்க தாரகாவைத் தினமும் ஓட்டுவார், ஒரு மாதம்கூட சிவப்புக் கோட்டைத் தாண்ட மாட்டார். "கம்பெனிக்காரனுக்குச் சல்லிக் காசு கெடைக்காது, பாத்துக்குங்க" என்று மேசையைத் தட்டினார்.

அடுத்த நாளிலிருந்து என்னைக் கிளினிக்கில் கொண்டுபோய் விட ஆரம்பித்தார். சாயங்காலம் கூட்டிப்போக வாசலில் நின்றார். காய்கறிக் கடை, கோயில், சொந்தக்காரர் வீடு, எங்கே போனாலும் "வா அம்மிணி" என்றார். இத்தனை வருஷத்தில் இல்லாத கவனிப்பு. "உங்க வீட்டுக்காரரு தங்கம் டாக்டர்" என்றாள் என் ரிசப்ஷனிஸ்ட். எதற்காக என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். ஒருநாளாவது அந்த மீட்டர் எனக்காக ஓர் எண் நகராதா என்று பார்த்துக்கொண்டே போனேன். அந்த நப்பாசையை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நேரலையில் போட்ட ஊட்டி வீடியோதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை அத்தனை கொண்டையூசி வளைவிலும் மீட்டர் செத்துக் கிடக்கிறது. எப்படி அண்ணா, எப்படி அண்ணா என்று கீழே ஆயிரம் பேர் கேட்கிறார்கள். யுவராஜ் கேமராவை என் பக்கம் திருப்பினார். நான் ஜன்னல் வழியாகத் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரகசியம் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்குதுங்க" என்றார். சிரித்தார்.

'பிரேக் அக்கா' என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். தமிழ்நாடு முழுக்க ஆண்கள் மனைவியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு மீட்டரைப் படம் பிடித்துப் போட்டார்கள். கிளினிக்குக்குக் கழுத்து வலி என்று வந்த ஒரு பெண், குப்புறப் படுத்தபடியே, "உங்க வீட்டுக்காரர் வீடியோ போட்டதுக்கப்பறம் எங்க வீட்டுக்காரர் என்னைய வெளிய கூட்டிட்டுப் போறாருங்க. ஜீரோ காட்டுனா கைதட்டறாரு" என்றாள். கழுத்தில் வலியே இல்லை. என்னைப் பார்க்கத்தான் வந்திருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து கேட்டேவிட்டேன். "என்னைய வெச்சு ஊரே சிரிக்குதுங்க. உங்களுக்கு ஒறைக்கவே இல்லீங்களா?"

"தமாசு அம்மிணி. அதப் போயிப் பெருசு பண்ணிட்டு."

"மீட்டர் தமாசு பண்ணுதுங்களா?"

தொலைக்காட்சியில் ஏதோ கம்பெனி செடான் தயாரிப்பதையே நிறுத்துவதாகச் செய்தி ஓடியது. அதைத் திட்டப் போய்விட்டார்.

மறுவாரம் தாரகாவின் சென்னை அலுவலகத்திலிருந்து ரெஜினா என்ற பொறியாளர் வந்தாள். தொடர்ந்து பூஜ்யம் காட்டும் வண்டிகளைச் சோதிக்கிறார்களாம். யுவராஜ் வெளியே போயிருந்தார். போர்ட்டிகோவில் வண்டியோடு ஏதோ கருவியை இணைத்துவிட்டு நான் கொடுத்த காப்பியைக் குடித்தாள். என் முகத்தைப் பார்த்து யோசித்தாள். வீடியோவில் பார்த்திருக்கிறாள், கேட்கத் தயங்குகிறாள் என்று புரிந்தது.

"ஆமா, பிரேக் அக்கா நாந்தான்" என்றேன்.

"ஐயோ, அப்படியில்ல மேடம்." டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க. அது சந்தோஷத்த அளக்கவே இல்ல. படபடப்பத்தான் அளக்குது. நெஞ்சு வேகமா அடிக்கணும், கை வேர்க்கணும், மூச்சு மாறணும். அப்பதான் ஓடும்."

"பயந்தா?"

"பயந்தாலும் ஓடும்."

எனக்கு எதிர்வீடு ஞாபகம் வந்தது. "அழுகைய அடக்கிட்டு ஓட்டுனா?"

"நல்லாவே ஓடும் மேடம்."

"அப்பறம் எதுக்குச் சந்தோஷ மீட்டர்னு பேரு வெச்சீங்க?"

"பேரு மார்க்கெட்டிங் வெச்சது." அவள் தரையைப் பார்த்தாள். "நிம்மதியா இருக்கறவங்களுக்கும் போரடிச்சு உக்காந்திருக்கறவங்களுக்கும் எங்க மீட்டர்ல ஒரே பூஜ்யம்தான். ரெண்டையும் பிரிக்கத் தெரியல. உங்க வீட்டுக்காரர் பூஜ்யம் எதுன்னு எனக்குத் தெரியாது மேடம். யாருக்குமே தெரியாது."

நான் அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இப்ப பிரிக்கறதுக்கு வழி கண்டுபிடிச்சிட்டாங்க. அடுத்த மாசம் அப்டேட் வருது. இத்தனை பேர் மனைவிய உக்கார வெச்சு பூஜ்யம் காட்டறாங்களே, இவங்க எல்லாருமா வெறுத்துப்போய் உக்காந்திருக்காங்கன்னு மேலிடத்துல ஒருத்தர் கேட்டாராம். பாதிப் பேராவது நிம்மதியா இருப்பாங்க, அந்தப் பாதிக்குக் காச விட்டுட்டோமேன்னு."

அவள் போனதும் சரசக்காவுக்குப் போன் போட்டேன். பெயர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் துக்கத்தை அடக்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறார் அக்கா, அதுதான் மீட்டர் ஓடியது என்றேன். "கம்பெனிக்காரன் வெச்ச மீட்டர் பொய் சொல்லுமா கண்ணு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். எதிர்வீட்டில் மயில்சாமி அண்ணன் வேட்டியைத் தானே காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

யுவராஜ் அந்த அப்டேட்டையும் திட்டித் தீர்த்தார். "நிம்மதிக்கும் காசாம். நாளைக்குத் தூங்கறதுக்கும் மீட்டர் வெப்பானுங்க" என்று வீடியோ போட்டார். தன்னை அது ஒன்றும் செய்யாது என்ற தைரியம் அவருக்கு. சவாலில் கடைசி மாதம் நடந்துகொண்டிருந்தது. ரெஜினா சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. கோத்தகிரியில் என் சித்தி மகள் வீட்டுக் கிரகப்பிரவேசம் இருந்தது. "கார்லயே போலாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"உன்னைய விட்டுட்டுப் போவனா?" என்றார்.

முந்தின ராத்திரிதான் அந்த அப்டேட் வண்டியில் ஏறியிருந்தது. காலை வெயில் இதமாக இருந்தது. துடியலூர் வரை மீட்டர் அசையவில்லை. நான் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. பெரியநாயக்கன்பாளையம் தாண்டி, மரங்கள் வரிசையாக வரும் இடத்தில், அவர் ஏதோ பழைய பாட்டை மூக்கால் முனகத் தொடங்கினார். கடைசி எண் நகர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நிற்கவே இல்லை. அவசரமில்லாமல், ஒரே சீராக ஓடியது.

"இதென்ன எழவு, ரிப்பேரா?" என்று டேஷ்போர்டைத் தட்டினார்.

"ரிப்பேர் இல்லீங்க." மீட்டரைத் தொட்டுக் காட்டினேன். "அது உங்க நிம்மதிங்க. நான் பக்கத்துல இருக்கறப்ப இருக்கற நிம்மதி. இத்தன நாளும் இருந்திருக்குது, அதுக்கு அளக்கத்தான் தெரியல."

ரெஜினா சொன்னதையெல்லாம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன், சிரித்துக்கொண்டும் சொன்னேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்துவிட்டது. இடது கையை எடுத்து என் கையைப் பிடித்தார். கல்யாணத்தில் ஐயர் பிடித்துக் கொடுத்ததற்கப்புறம் அவராகப் பிடித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். "அசடு, இதுக்குப் போயி அழுவாங்களா" என்றார். எனக்கு அது போதும். அந்த நிமிஷம் யாராவது வந்து உயிரைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மீட்டர் வேகம் பிடித்தது.

அவர் கண் அந்தப் பக்கம் போனது. என் கையை விட்டார். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார், எண்களைப் பார்த்தார், மறுபடியும் கோட்டைப் பார்த்தார். முனகிய பாட்டை நிறுத்தியிருந்தார். மீட்டர் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ கசப்பாக நினைக்கப் பார்த்தார் என்று தாடையிலேயே தெரிந்தது. முடியவில்லை. பாவம், நான் பக்கத்தில் இருந்தேன்.

காரமடை பஸ் நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டினார்.

"அம்மிணி, கோவிச்சுக்காத. கடைசி மாசம். தனியா ஓட்டுனதும் சேந்து கோட்டுக்குக் கிட்டத்துல வந்துருச்சு. இன்னைக்குப் பொழுதோட வீடியோ போடோணும், ஊரே பாத்துட்டு இருக்குது." என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "பொறத்தால மேட்டுப்பாளையம் பஸ்ஸு வருது பாரு. நீ அதுல வந்துரு. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்."

"அங்கிருந்து கோத்தகிரிக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "அதுக்கும் பஸ்ஸு இருக்குது. உனக்கென்ன, பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட்டே இல்லையே."

பட்டுச் சேலையை ஒதுக்கிக்கொண்டு இறங்கினேன். கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிய வெள்ளிக் குங்குமச் சிமிழ் மடியிலிருந்து உருண்டு சீட்டுக்கு அடியில் போனது. குனிந்து எடுக்கவில்லை. கதவைச் சாத்தினேன். கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. உள்ளே மீட்டர் தடுமாறி, மெதுவாகி, நின்றது. கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே.

யுவராஜ் அதைப் பார்த்தார். சீட்டில் சாய்ந்தார். தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார்.

மீட்டர் ஓட ஆரம்பித்தது.